எஸ்தர் ஆறுதல் சொன்னதில்லை

செய்தி வந்தபோது செம்பூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எஸ்தரின் மகள் ஜெனிஃபர் அனுப்பிய குரல் செய்தி. அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாள். "அங்கிள், மம்மி சலி கயி" என்று இந்தியில் தொடங்கியவள், நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, "அம்மா போயிட்டாங்க அங்கிள், காலைல ஆறரைக்கு" என்று தமிழில் சொன்னாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது.

பொறுக்கிய காயைத் தட்டிலேயே வைத்துவிட்டு நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்து போனது. அடுத்ததும் வந்து போனது. எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து நான்கு மாதமாகியிருந்தது. கடைசி ஒரு மாதமாகத் தொலைபேசி அடித்தாலே பயந்துகொண்டுதான் எடுத்தேன். அப்படியிருந்தும் கால் நகரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, தலை சுற்றுகிறதா என்று மராத்தியில் கேட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

தாராவிப் பால்வாடி அறையில் புதன்கிழமை மாலைகளில் எஸ்தரோடு உட்கார்ந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் பெயர்கூடத் தெரியாது. நான் உங்களுக்கு 'ரயில் அண்ணாச்சி'. நீங்கள் எல்லோரும் யாரையோ பறிகொடுத்துவிட்டு அங்கே வந்தீர்கள். நான் யாரைப் பறிகொடுத்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் எஸ்தரும் சொல்லவில்லை. "அவுகளுக்குச் சொல்லணும்னு தோணும்போது சொல்லட்டும்" என்பாராம். பத்து ஆண்டுகள் அப்படியே விட்டிருந்தார். இப்போது சொல்கிறேன். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் லோக்கல் ரயில் ஓட்டியவன். எஸ்தரின் கணவர் தாசன் இறந்தது என் வண்டியில் அடிபட்டு.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மதியம். டோம்பிவிலி வண்டி. மாட்டுங்காவைத் தாண்டி சயானை நெருங்கும்போது வலது பக்கத்திலிருந்து ஒருவர் தண்டவாளத்தைக் கடக்க இறங்கினார். வேகமாக நடந்தார், ஓடவில்லை. ஹார்னை அழுத்தினேன். கையை எடுக்கவே இல்லை. எமர்ஜென்சி பிரேக்கும் போட்டேன். லோக்கல் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. பிரேக் போட்ட பிறகு மோட்டார்மேனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் கடைசியில் என் பக்கம் திரும்பினார். அதற்கு மேல் எழுத வேண்டாம். வண்டியை டோம்பிவிலி வரை நான்தான் கொண்டு சேர்த்தேன். ஒரு ஸ்டேஷனில் தாமதத்துக்காக ஒருவர் ஜன்னலைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார். அவருக்கு என்ன தெரியும்.

மறுநாள் ரயில்வே போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கப் போனேன். சுவரோரப் பெஞ்சில் ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் என் பெயரைச் சத்தமாக வாசித்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். தமிழா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் காக்கிப் பையையும் கையில் இருந்த தாளையும் பார்த்தார். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதான் வண்டி ஓட்டுனவுகளா?"

தலையசைத்தேன். அந்த இளைஞர் அவருடைய கொழுந்தனார். அவர் சட்டென்று எழுந்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. எஸ்தர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஹார்ன் அடிச்சியளா?"

"அடிச்சேன்மா. விடாம அடிச்சேன்."

"அவுகளுக்கு எடது காது கேக்காது" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். என்னவென்று கேட்பது என்று தெரியவில்லை. எழுத்தர் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்க வாசல் வழியாகப் போய்விட்டேன்.

சில நாள் விடுப்புக்குப் பின் மறுபடி வண்டி ஏறினேன். எங்கள் வேலையில் இது எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறது. சிலருக்குப் பல முறை. முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவில்லை. சயான் வரும்போது கை தானாகவே ஹார்னுக்குப் போகும். சோறு இறங்காது. சவரம் செய்யும்போது, செருப்பு மாட்டும்போது, உள்ளே ஒரு குரல் ஒரே ஒரு சொல்லைச் சொல்லும்: கொலைகாரன். பதற்றமே இல்லாத குரல் அது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கூப்பிடும். விதிப்படி நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குரல் அதைப் படிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து நெஞ்சு இறுக்கத்துக்காக ஒரு மாநகராட்சி மருத்துவமனைக்குப் போனேன். ஈசிஜி எடுத்து, டாக்டரையும் பார்த்துவிட்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தபோது, நீல நிறச் சேலையில் ஒரு ஆயா வாளியோடு வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுந்து தூணுக்கு மறுபுறம் போய் நின்றேன். ஐம்பது வயது மனிதன் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எஸ்தர் வாளியைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சிதான?"

ஒளிந்தது பயனில்லை என்று வெளியே வந்தேன். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. எல்லோரும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அவரும் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "எனக்கும் அங்கனதான் இருக்கு, நடு நெஞ்சுல. கல்லு மாதிரி" என்றார்.

அந்த மருத்துவமனையில் மராத்தி டாக்டரம்மா ஒருவர் இருந்தார். வீட்டில் சாவு நேர்ந்தவர்களை வாரம் ஒருமுறை ஓர் அறையில் கூட்டி, மூச்சைக் கவனிக்கவும், வலியைத் தள்ளிவிடாமல் அதன் பக்கத்தில் இருக்கவும், தன்னிடமே கொஞ்சம் பரிவாக நடந்துகொள்ளவும் இந்தியில் சொல்லிக்கொடுத்துவந்தார். எஸ்தர் அந்த அறையைப் பெருக்கப் போனவர். துடைப்பத்தோடு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா அவரை எழுப்பவில்லை. ஆறு மாதம் அப்படிக் கேட்டபின், இந்தி சரியாகப் புரியாத தாராவிப் பெண்களுக்காக, பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு காலியாக இருக்கும் பால்வாடி அறையில் தமிழில் ஆரம்பித்தார். அந்த ஆரம்ப நாட்களில்தான் என்னையும் கூப்பிட்டார்.

முதல் புதன்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் பாயில் காலை மடக்கி ஏழு பெண்கள். நான் ஒருவன் ஆண். "இவுக ரயில் ஓட்டுதவுக" என்று மட்டும் சொன்னார் எஸ்தர். பிறகு எல்லோருக்கும் பொதுவாகப் பேசினார். "மூச்ச இழுத்துப் புடிக்க வேண்டாம். அது பாட்டுக்கு வரும், போவும். வலி எங்கன இருக்குன்னு பாருங்க. தொண்டைலயா, நெஞ்சுலயா, வயித்துலயா. இருக்க எடத்துல கைய வைங்க. வெரட்ட வேண்டாம். ஏன் வந்தன்னு கேக்கவும் வேண்டாம்." நான் கையை வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு லோக்கல் போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வேகம் எவ்வளவு, எத்தனை பெட்டி என்று எனக்குச் சத்தத்திலேயே தெரியும். எழுந்து வெளியே போய்விட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அடுத்த வாரம் போனபோது எஸ்தர் பாயில் எனக்கு இடம் விட்டிருந்தார். போன வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அறையில் எனக்கு அமைதி கிடைத்தது என்று எழுதினால் பொய். பல வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. மூட்டு வலித்தது. ஒரு நாள் எல்லோரும் போனபிறகு, இதனால் என்ன பயன், எனக்கு எதுவும் சரியாகவில்லையே என்று கேட்டேன். "சரியாவுறதுக்கு இல்ல அண்ணாச்சி. தனியா கெடந்து அடிபடாம இருக்கதுக்கு" என்றார் எஸ்தர். நான்தான் யாருடனும் சண்டை போடுவதில்லையே, யார் என்னை அடிக்கிறார்கள் என்றேன். அவர் திருப்பிக் கேட்டார்.

"உள்ளுக்குள்ள ஒங்கள நீங்க என்னன்னு கூப்புடுதிய?"

வெளியே நடந்து தேநீர்க் கடைக்கு வந்திருந்தோம். கட்டிங் சாய் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யாரிடமும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னேன். அதை அவரிடம் சொல்வதைவிட அநியாயம் வேறு இல்லை என்று சொன்னபிறகுதான் உறைத்தது. எஸ்தர் முகம் மாறவில்லை.

"அன்னைக்கு ஜெனிக்குக் காய்ச்ச. ஒத்தையா விட்டுட்டுப் போவ முடியாது. எனக்கு ரெண்டரைக்கு ட்யூட்டி. சீக்கிரம் வாங்கன்னு நாந்தான் போன் போட்டேன், ரெண்டு தடவ. பாலம் சுத்தி வந்தா லேட்டாவும்னு அவுக தண்டவாளத்துல எறங்கிட்டாவ. அப்ப எனக்கும் அந்தப் பேருதான். எங்க, கூப்புடுங்க பாப்போம்."

"என்னம்மா பேசறீங்க."

"வாய் வரலைல்லா? எனக்கும் ஒங்களப் பாத்து அப்படிச் சொல்ல வரல. நம்மள நாமதான் சொல்லிக்கிடுதோம்."

உங்களில் பலருக்கும் அவர் இதை வேறு வார்த்தைகளில் சொல்லியிருப்பார். கீழே விழுந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி உங்களைத் தூக்குங்கள் என்பார். எனக்கு மட்டும் அதைச் சொல்ல, அவர் தன் காயத்தைத் திறந்துகாட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அந்தச் சொல் வந்தது. வரும்போது, இதே சொல்லை எஸ்தர் தனக்குச் சொல்லிக்கொள்வார் என்ற நினைவும் கூடவே வந்தது. அவருக்காக நான் வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்தில் எப்போதாவது ஒரு துளி எனக்கும் சிந்தியது.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்திருந்தோம். ஜெனிஃபர் டியூஷனுக்குப் போயிருந்தாள். கருவாட்டுக் குழம்புச் சட்டியை மூடியபடியே எஸ்தர் கேட்டார். "அவுக ஒங்களப் பாத்தாவளா?"

இந்தக் கேள்வி வரும் என்று இரண்டு ஆண்டுகளாகப் பயந்துகொண்டிருந்தேன். இல்லை, தெரியவில்லை என்று பல பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அவை எதுவும் வாயில் வரவில்லை.

"பாத்தார்மா."

"பயந்துட்டாவளா?"

"பயப்பட நேரமில்ல. என்னடா இதுன்னு பாக்கற மாதிரி ஒரு பார்வை."

எஸ்தர் சட்டியை வைத்த இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். கால் மணி நேரமாவது இருக்கும். நான் என்ன செய்வது என்று தெரியாமல் சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அடுத்த இரண்டு புதன்கிழமை அவர் வரவில்லை. உண்மையைச் சொல்லி அவரை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். போய்ப் பார்க்கவும் தைரியமில்லை. மூன்றாவது வாரம் வந்தார். எல்லோரும் கலைந்தபிறகு சொன்னார்: "தெரிஞ்சது நல்லதுன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. தெரியாதப்ப தெனம் ஒரு மொகத்த நெனச்சுக்கிட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுகூட இருந்து பாக்கேன்."

எஸ்தரைப் பற்றிப் பேசும்போது அவர் எல்லோரையும் தேற்றிவிட்டதாகப் பேசக் கூடாது. அது அவருக்கே பிடிக்காது. மும்தாஜை உங்களில் பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாஹிம் பக்கத்திலிருந்து வருவார், கணவருக்குத் தோல் பை பட்டறை. ஒரே மகள் டெங்குவில் போனாள். மூன்று வாரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், நான்காவது வாரம் எழுந்து நின்று எஸ்தரைப் பார்த்துக் கேட்டார், நெஞ்சில் கையை வைத்தால் என் பிள்ளை வந்துவிடுமா என்று. எஸ்தர் வராது என்றார். அப்படியானால் எதற்கு எங்களை இங்கே கூட்டிவைத்து வேடிக்கை காட்டுகிறாய் என்று சொல்லிவிட்டு மும்தாஜ் போய்விட்டார். பிறகு வரவே இல்லை.

எஸ்தர் அதன்பின் வாரம் தவறாமல் மாஹிமுக்குப் போனார். கதவைத் தட்டி, நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். கதவு திறக்கவில்லை. ஒருமுறை நானும் கூடப் போனேன். உள்ளே தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. தட்டியதும் அதன் சத்தம் கூடியது. திரும்பி வரும் வழியில் மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் எஸ்தர் நின்றுவிட்டார். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. "அன்னைக்கி நான் பதில் சொல்லாம இருந்திருக்கணும். எந்திச்சு அவளக் கெட்டிப் புடிச்சிருக்கணும். வராதுன்னு ஒரு தாயிட்ட சொல்லிட்டேனே" என்று அழுதார். உங்களுக்கு நீங்களே பரிவாக இருக்க வேண்டும் என்று அவரிடம் படித்ததை அவருக்கே சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கி எனக்கு அது வரல அண்ணாச்சி. வரலன்னா வரல" என்றார். மும்தாஜ் குடும்பம் பின்னர் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டது. எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை.

இந்த ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு முதுகு வலித்தது. வாளி தூக்குகிற வேலை, அதனால் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். கண் மஞ்சளானபிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குள் ஈரல்வரை போய்விட்டிருந்தது. தான் ஆயாவாக வேலை பார்த்த அதே வார்டில் படுக்கை கிடைத்தது. தரையைப் பார்த்துவிட்டு, "ஓரத்துல துடைக்கவே இல்ல" என்று சிரித்துக்கொண்டே குறை சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வாரம் இரண்டு முறை போனேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. எனக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது: இத்தனை பேருக்கு வலியோடு இருக்கச் சொல்லிக்கொடுத்தவர், தன் வலியை எப்படியும் தாங்கிக்கொள்வார் என்று. அப்படி நினைத்தது எவ்வளவு வசதியானது என்று இப்போது தெரிகிறது. ஒரு நாள் மருந்து வேகம் குறைந்த நேரத்தில் போயிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கால் கட்டை விரலை முறுக்கிக்கொண்டு கிடந்தார். நான் அவர் சொல்லும் அதே தொனியில், மூச்சு அது பாட்டுக்கு வரட்டும் என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "கைய வச்சா கைப் பாரமே தாங்கல. ஒண்ணும் ஒதவல. முடியல."

நர்ஸைத் தேடி ஓடினேன். ஊசி போட நாற்பது நிமிடமானது. நர்ஸ் ஒருவர்தான், வார்டு முழுக்க ஆட்கள். அந்த நாற்பது நிமிடம் நான் அவர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பிரேக் போட்டுவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. ஒரு கட்டத்தில் எஸ்தர் என்னைப் பார்த்து, "பயமா இருக்கு" என்றார். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். அதைத் தவிர உண்மையான வார்த்தை என்னிடம் இல்லை. அவர் தலையை ஆட்டினார். என் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டார், ஊசி வரும்வரை.

கடைசியாகப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வீட்டில் என் மனைவி ராஜிக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. எழுப்ப மனமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை வந்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். நான் போன பத்து நிமிடத்தில் விழித்து, அண்ணாச்சி போய்விட்டாரா என்று கேட்டதாக ஜெனிஃபர் பிறகு சொன்னாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னாள். சனிக்கிழமை காலை எஸ்தர் போய்விட்டார்.

சயான் கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். புதன்கிழமைப் பெண்கள் ஒரு பக்கமாக நின்றீர்கள். விக்ரோலியிலிருந்து வந்திருந்த எஸ்தரின் கொழுந்தனாரை நான் தூரத்தில் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். முகம் திருப்பவில்லை, கிட்டேயும் வரவில்லை.

தாசன் இறந்தபோது ஜெனிஃபருக்கு ஒன்பது வயது. அப்பா அடிபட்ட ரயிலை யார் ஓட்டினார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. எஸ்தரிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாண்டாம்னும் சொல்ல மாட்டேன். அது ஒங்க வாயி, அவ காது" என்றார். அம்மா போனபிறகு அவளுக்கு என்னைத் தவிரப் பேச ஆளில்லை என்று ஆனது. தினமும் குரல் செய்தி அனுப்பினாள். கேஸ் சிலிண்டர், பள்ளிச் சான்றிதழ், தூக்கம் வராதது. ஒவ்வொன்றிலும் 'அங்கிள்' என்றாள். அந்த இடம் வந்ததும் போனைக் காதிலிருந்து எடுத்துவிடுவேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"மம்மிக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேர்ந்தே தெரியும்."

"இத்தன வருஷமா இங்க உக்காந்து சாப்டீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் கோபப்படவில்லை. "இப்ப போங்க அங்கிள்" என்றாள்.

போனேன். சயான் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்பார்த்தபடியே அந்தப் பழைய சொல் வந்தது. பதினோரு ஆண்டு பழக்கம் அதற்கு. கூடவே புதிதாக ஒன்று, தூங்குகிறவரை விட்டுவிட்டு ஓடியவன் என்று. எஸ்தர் சொன்னபடி நெஞ்சில் கையை வைத்தேன். ஒன்றும் குறையவில்லை. வண்டிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. கையை எடுக்காமல் இருந்தேன். யாரோ அடிபட்டுக் கிடக்கிற மாதிரி, பாவம், இவனும் என்ன செய்வான் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். பிறகு அதுவும் போய்விட்டது.

இதை எழுதலாமா என்று ஜெனிஃபரிடம் கேட்டுக் குரல் செய்தி அனுப்பினேன். ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் ஒரு குரல் செய்தி: "எழுதுங்க. ஆனா நான் இப்போ பேச ரெடி இல்ல." அதில் அங்கிள் என்ற சொல் இல்லை. உங்களில் யாராவது அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்; அவள் கேட்டால் மட்டும்.

எஸ்தரிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், இது எப்போது சரியாகும் என்று. சரியாகும் என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. தெரியவில்லை என்பார். பிறகு, "நான் இங்கனதான் இருக்கேன்" என்பார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அவருடைய தமிழில் சொன்னால் எனக்குப் பொருந்தாது. என் தமிழில் ஜெனிஃபருக்குச் சொல்லி அனுப்பினேன். "நான் இங்கதான் இருக்கேன்மா." அவள் அதைக் கேட்டுவிட்டாள் என்பதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கின்றன. பதில் வரவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.